பதிவேட்டின் கேள்வியும் ஏழையின் விடையும்: ஆங்கிலத் தொழிலாளர் குடும்ப வரலாற்று எழுத்து – ஒரு திறனாய்வு

முன்னுரை

கொடிவழி கூறுதல் நெடுங்காலமாக ஆள்வோரின் உரிமையாகவே இருந்து வந்துள்ளது. இங்கிலாந்தில் 1530 முதல் 1688 வரை குலச்சின்ன அலுவலர்கள் மாவட்டந்தோறும் சென்று, சின்னம் தாங்கும் தகுதியுடைய குடும்பங்களின் வழிமுறையை விசாரித்து எழுதினர். 1826இல் வெளிவரத் தொடங்கிய பர்க்கின் பிரபுக்கள் வரிசை நூல் அம்மரபை அச்சில் நிலைநிறுத்தியது. சோழர் மெய்க்கீர்த்திகளைப் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. முன்னோரை எண்ணிச் சொல்லுதல் நிலத்துக்கும் பட்டத்துக்கும் உரிமை கோரும் செயலாகும். கூலிக்கு உழைத்தவர்க்கு அத்தகைய உரிமை எதுவும் இல்லை; ஆகவே அவர்தம் பாட்டன் பெயரை எவரும் எழுதி வைத்திருக்க மாட்டார் என்று கருதுவது இயல்பு.

உண்மை அதற்கு நேர்மாறானது. ஆங்கில ஏழைகளைப் பற்றி எழுதப்பட்ட தாள்கள் ஏராளம். திருமுழுக்கு ஏடு, மண ஏடு, அடக்க ஏடு, குடியிருப்பு விசாரணை, பணி இல்லச் சேர்க்கைப் பதிவு, குற்றவழக்குக் குறிப்பு, படைவீரர் பதிவு, மக்கள்தொகைக் கணக்கு என அவை விரிகின்றன. ஆயின் அவற்றை எழுதியவர் ஏழை அல்லர். எழுதிய நோக்கமும் ஏழையினுடையது அன்று. தம் மூதாதையரைத் தேடிச் செல்லும் இன்றைய பேரனும் பேத்தியும் சந்திப்பது மூதாதையரை அன்று. அவரை ஒருகாலத்தில் விசாரித்த அலுவலரையே.

இந்த நெருக்கடியை எதிர்கொண்டு எழுந்த குடும்ப வரலாற்று எழுத்தை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு, அது ஆவணத்தை எவ்வாறு வாசிக்கிறது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கரோலின் ஸ்டீட்மன் எழுதிய 'லாண்ட்ஸ்கேப் ஃபார் எ குட் உமன்' (1986), அலிசன் லைட் எழுதிய 'காமன் பீப்பிள்' (2014) ஆகிய இரு நூல்களும் முதன்மைப் பனுவல்களாகக் கொள்ளப்பெறுகின்றன. ஆவணத்தை வெறும் விடையாக மட்டும் வாசிக்கும்போது இவ்வெழுத்து தோற்கிறது. அவ்விடையை வருவித்த கேள்வியோடு சேர்த்து வாசிக்கும்போதே அது வெற்றி பெறுகிறது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

ஆவணங்களின் தோற்றமும் நோக்கமும்

1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையின்படி ஒவ்வொரு பங்குத் திருச்சபையும் திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டியதாயிற்று. அன்றைய இங்கிலாந்தில் 'பங்கு' என்பது வழிபாட்டு எல்லை மட்டுமன்று; ஏழையரைப் பேணும் பொறுப்புடைய ஆட்சி எல்லையும் அதுவே ஆயிற்று. 1753இல் இயற்றப்பட்ட மணச்சட்டம், மணமக்கள் ஏட்டில் கையொப்பமோ கைக்குறியோ இடுவதைக் கட்டாயமாக்கியது. 1812ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட படிவங்களைக் கொணர்ந்தது. அதுமுதல் திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் தொழிலுக்கென ஒரு கட்டம் அமைந்தது. 1837இல் அரசின் பிறப்பு, இறப்பு, மணப் பதிவு தொடங்கிற்று.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி கருதத்தக்கது. படிவத்தில் கட்டம் இருந்தால்தான் வாழ்க்கையில் அச்செய்தி இருந்ததாகிறது. தந்தையின் தொழிலுக்குக் கட்டம் உண்டு. தாயின் தொழிலுக்கு இல்லை. மணமின்றிப் பிறந்த குழந்தைக்குத் தந்தை பெயர்க் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டது. கொடிவழி தேடுவோர் இவ்வெறுமையை 'முட்டுச்சுவர்' என்று அழைப்பது வழக்கம். திறனாய்வு நோக்கில் அது சுவர் அன்று. அதுவும் ஒரு கூற்றே. எவரைப் பெயரோடு எழுதலாம், எவரை எழுதலாகாது என்று முடிவு செய்த ஒழுங்கின் கூற்று அது.

வாக்குமூலமாகிய வாழ்க்கைக் கதை

ஏழையின் வாழ்க்கைக் கதையை முதன்முதலில் கேட்டவர் எவர் என்ற வினாவுக்கு ஆங்கிலச் சூழலில் தெளிவான விடை உண்டு: உள்ளூர் நீதிநடுவர். 1662ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், வறியவருக்கு உதவி வழங்கும் கடமை எந்தப் பங்கினுடையது என்பதை அவருடைய குடியிருப்புரிமையைக் கொண்டு முடிவு செய்தது. உதவி கோரியவரும், கோரக்கூடும் என அஞ்சப்பட்டவரும் நடுவர் முன் நிறுத்தப்பட்டனர். எங்குப் பிறந்தாய்? எவரிடம் தொழில் பயின்றாய்? எங்கு முழுதாக ஓர் ஆண்டு ஊழியம் செய்தாய்? என்ன கூலி பெற்றாய்? எவரை மணந்தாய்? இவ்வினாக்களுக்கு அளித்த விடைகளே தொடராக எழுதப்பட்டு வாக்குமூலமாயின.

இந்த வாக்குமூலங்கள் தோற்றத்தில் சுருக்கமான தன்வரலாறுகள் போன்றவை. பிறப்பு, இடப்பெயர்ச்சி, தொழில், மணம், மக்கள் என்ற வரிசை அவற்றில் உண்டு. ஆயின் அவற்றின் எடுத்துரைப்பை நடத்துவது உள்ளத்தின் தேவை அன்று. செலவை எப்பங்கு ஏற்பது என்ற கணக்கு. மணமாகாத ஊழியர் ஒருவர் ஓராண்டு முழுவதும் ஓரிடத்தில் பணிபுரிந்தால் அங்கு அவருக்குக் குடியிருப்புரிமை கிடைக்கும். அதனைத் தவிர்க்க, ஆண்டுக்கு ஒரு வாரம் குறைவாக, 51 வாரங்களுக்கு மட்டுமே ஆளமர்த்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. இதனை அறியாமல் வாக்குமூலத்தை வாசிப்பவர், மூதாதையர் ஆண்டுதோறும் இடம் மாறியதைக் கண்டு, ஓரிடத்தில் நிலைக்காத இயல்பினர் அவர் எனக் குணவருணனை செய்துவிடக்கூடும். குறைந்துபோன அந்த ஒரு வாரம் முதலாளியின் கணக்கு. மூதாதையரின் குணம் அன்று.

ஸ்டீட்மன் 2000இல் வெளியான ஒரு கட்டுரையில், நவீன தன்வரலாற்றின் வேர்களை ஆராயும்போது இத்தகைய கட்டாயக் கதைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என வாதிட்டார். தன்னை உணர்ந்த தனிமனிதர் தாமே முன்வந்து தம் கதையைச் சொல்வதே தன்வரலாறு என்ற பொதுக்கருத்தை இது அசைக்கிறது. ஆங்கில ஏழைகளில் மிகப் பலர் தம் கதையைச் சொன்னது சொல்ல விரும்பியதால் அன்று; சொல்லாவிடில் உணவு கிடைக்காது என்பதால்.

ஏழைகள் தாமே எழுதிய கடிதங்களும் உள்ளன. சொந்தப் பங்கை விட்டு வேற்றூரில் பிழைத்தவர்கள், உதவி வேண்டித் தம் பங்கின் ஏழையர் பராமரிப்பாளருக்கு எழுதிய கடிதங்களை எசெக்ஸ் மாவட்ட ஆவணங்களிலிருந்து திரட்டி 2001இல் தாமஸ் சோகோல் பதிப்பித்தார். பேச்சொலியை அப்படியே எழுத்தாக்கிய அக்கடிதங்களில் ஏழையின் குரல் நேரே ஒலிப்பதாகத் தோன்றும். ஆயினும் அவையும் விண்ணப்பங்களே. நோயையும் வாடகை நிலுவையையும் எடுத்துரைத்து, உதவி வராவிடில் குடும்பத்தோடு ஊர் திரும்ப நேரும், அதனால் பங்குக்குச் செலவு மிகும் என்று நயமாகச் சுட்டுவதும் அவற்றில் உண்டு. இக்குரல் பொய் என்பது கருத்தன்று. கேட்பவரை நன்கறிந்து அமைத்துக்கொண்ட குரல் என்பதே கருத்து. புலவர் ஆற்றுப்படையில் பேசும் வறுமையை வாசிக்கும்போது நாம் கொள்ளும் எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

படியும் மூலமும்

தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஆவண வழக்கொன்றைச் சேக்கிழார் விரிவாக அமைத்துள்ளார். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனைக் கட்டுப்படுத்துகிறது. படியோலை கிழிக்கப்பட்டபின் மூலவோலை காட்டப்படுகிறது. பாட்டனின் பிற கையெழுத்தோடு அது ஒப்புநோக்கப்படுகிறது. படிக்கும் மூலத்துக்கும் இடையிலான இவ்வேறுபாடு ஆங்கில மக்கள்தொகைக் கணக்கை வாசிப்பதற்கும் இன்றியமையாதது.

1841 முதல் 1901 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத்தார் நிரப்பிய தாள்கள் மிகப் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. இன்று கிடைப்பவை கணக்கெடுப்பாளர் படியெடுத்த ஏடுகளே. 1841ஆம் ஆண்டு ஏட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயது ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. வீட்டிலிருப்போரின் உறவுமுறை குறிக்கப்படவில்லை. பிறப்பிடம் பற்றி, அதே மாவட்டத்தில் பிறந்தவரா, ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ அயல்நாட்டிலோ பிறந்தவரா என்பவை மட்டுமே கேட்கப்பட்டன. வயல்வேலை செய்தோர் அனைவரும் 'விவசாயக் கூலி' என்பதன் சுருக்கெழுத்துக்குள் அடங்கினர். உழுபவர், ஆடு மேய்ப்பவர், வேலி கட்டுபவர் என்ற தொழில் வேறுபாடுகள் பலவும் அச்சுருக்கத்தில் மறைந்தன. 1851 முதல் உறவுமுறையும் பிறந்த பங்கும் இடம்பெற்றன. எனினும் பெண்களின் பகுதிநேர உழைப்பும் வீட்டிலிருந்தே செய்த கூலிவேலையும் பல ஏடுகளில் விடுபட்டன. துணி வெளுத்தும் தையல் வேலை செய்தும் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு நேரே தொழில் கட்டம் வெறுமையாக இருப்பதுண்டு.

1911ஆம் ஆண்டுக் கணக்கில் நிலை மாறுகிறது. குடும்பத் தலைவர் நிரப்பிய மூலத்தாளே பாதுகாக்கப்பட்டுள்ளது. மணமான பெண்களுக்கு எத்தனை குழந்தைகள் உயிருடன் பிறந்தன, எத்தனை உயிரோடுள்ளன, எத்தனை இறந்தன என்ற வினா அதில் இடம்பெற்றது. குழந்தை இறப்பைக் கணக்கிட விரும்பிய அரசுக்கு வேண்டியது எண் மட்டுமே. சில வீடுகளில் இறந்த குழந்தைகளின் பெயர்களையும் உயிரோடிருப்போர் வரிசையில் எழுதினர். அலுவலகம் அவற்றைப் பிழையெனக் கொண்டு கோடிட்டு நீக்கியது. படிவத்தின் கேள்வியை மீறி ஏழை தாமாகச் சொன்ன விடை அக்கோட்டுக்கு அடியில் இன்றும் வாசிக்கத்தக்கதாக உள்ளது. கேட்ட கேள்விக்கும் சொன்ன விடைக்கும் இடையே விரிசல் தோன்றும் இவ்விடமே குடும்ப வரலாற்று எழுத்துக்கு மிக வளமான இடம் எனலாம்.

மண ஏட்டின் கைக்குறியும் இவ்வாறே எச்சரிக்கையோடு வாசிக்கத்தக்கது. 1840ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமகன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரும் மணமகள்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும் பெயரெழுதாமல் பெருக்கற்குறி இட்டனர். இதனைக் கொண்டு அவர்களை முற்றிலும் எழுத்தறியாதவர் என முடிவு செய்தல் பொருந்தாது. படித்தல் முதலிலும் எழுதுதல் பின்னரும் கற்பிக்கப்பட்ட காலம் அது. விவிலியத்தைப் படிக்கத் தெரிந்தும் பெயரெழுதத் தெரியாதவர் பலர் இருந்தனர். குறி ஒன்றே, அதன் பின்னுள்ள அறிவுநிலை பல.

ஸ்டீட்மனின் நூல்: பிறப்புச் சான்றும் தாயின் ஆசையும்

தொழிலாளர் வாழ்வைப் பற்றிய ஆங்கில எழுத்தில் இரு நூல்கள் நீண்ட செல்வாக்குடையவை. ரிச்சர்ட் ஹோகார்ட்டின் 'தி யூசஸ் ஆஃப் லிட்டரசி' (1957) வடபுலத் தொழிலாளர் குடியிருப்பின் பண்பாட்டை உள்ளிருந்து விவரித்தது. ஈ.பி. தாம்சனின் 'தி மேக்கிங் ஆஃப் தி இங்கிலிஷ் வொர்க்கிங் கிளாஸ்' (1963) தோற்றுப்போன கைவினைஞரையும் நெசவாளரையும் வரலாற்றின் மாந்தராக மீட்டது. இவ்விரண்டிலும் தொழிலாளர் என்ற சொல் பெரும்பாலும் ஆணையே குறிக்கிறது என்பதும், அவருடைய கதை கூட்டு உணர்வை நோக்கியே நகர்கிறது என்பதும் பின்னர் எழுந்த விமரிசனங்கள்.

ஸ்டீட்மனின் நூல் இவ்விமரிசனத்தைத் தம் தாயின் வாழ்க்கை வழியாக முன்வைக்கிறது. லங்காஷயர் மாவட்டத்துப் பர்ன்லி நகர நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தென் லண்டனில் குடியேறிய பெண் அவர். நல்ல துணியையும் நல்ல வீட்டையும் விரும்பியவர்; அவை கிடைக்காமையால் கசந்தவர்; பழமைவாதக் கட்சிக்கு வாக்களித்தவர். தொழிலாளர் வீரகாவியத்தில் இவருக்கு இடமில்லை. பொறாமையும் ஆசையும் அரசியல் உணர்வுகளாக மதிக்கப்படுவதில்லை என்பதையே ஸ்டீட்மன் கேள்விக்குள்ளாக்குகிறார். இல்லாமையை அன்றாடம் உணர்ந்தவருக்குப் பொருள்மீது எழும் ஆசை, பங்கீடு நேரியதாக இல்லை என்ற அறிவின் ஒரு வடிவமே என்பது அவர் வாதம்.

ஆவண நோக்கில் இந்நூலின் திருப்பம் ஒரு மறைப்பைச் சார்ந்தது. தந்தைக்கு வட இங்கிலாந்தில் முன்னரே ஒரு மனைவியும் மகளும் இருந்தமையும், தம் பெற்றோர் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தமையும் தந்தையின் இறப்புக்குப் பின்னரே நூலாசிரியருக்குத் தெளிவாகின்றன. மணமுடித்தோர் என்றே ஊரறிய வாழ்ந்தனர். ஏடு வேறு கூறியது. இச்செய்தியை வெளிப்பட்ட இரகசியமாக ஸ்டீட்மன் கையாளவில்லை. பதிவேடு என்ன சொல்லும் என்ற அச்சம் ஒரு வீட்டின் அன்றாடப் பேச்சையும் மௌனத்தையும் எவ்வாறு வடிவமைத்தது என்பதையே அவர் ஆராய்கிறார். 1951இல் வீட்டுக்கு வந்த நலப்பணியாளர் ஒருவர், இவ்வீடு குழந்தை வளர்க்கத் தகுதியற்றது எனக் கூறிச் சென்ற காட்சியும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. அலுவலரின் பார்வை ஏட்டில் மட்டும் நிற்பதில்லை. அது வீட்டுக்குள் நுழைந்து தாயின் நினைவிலும், பின்னர் மகளின் நினைவிலும் தங்கிவிடுகிறது.

லைட்டின் நூல்: கொடியிலிருந்து ஊருக்கு

அலிசன் லைட் வரலாற்றாசிரியர், இலக்கியத் திறனாய்வாளர். வெர்ஜீனியா உல்ஃப் வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றி 2007இல் நூல் எழுதியவர். 2014இல் சாமுவேல் ஜான்சன் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற 'காமன் பீப்பிள்', துறைமுக நகரான போர்ட்ஸ்மத்தில் வளர்ந்த அவர் தம் நான்கு பாட்டன் பாட்டியரின் வழிகளையும் தேடிச் சென்றதன் பயன். வில்ட்ஷயர் மாவட்டத்துப் பாப்டிஸ்ட் சமயக் கொத்தனார்கள், வார்விக்ஷயர் மாவட்டத்து ஆல்செஸ்டர் பகுதியின் ஊசித் தொழிலாளர்கள், கடலோடிகள், பணிப்பெண்கள் என அவ்வழிகள் பிரிகின்றன. வறியோரை அடைத்து வேலை வாங்கிய பணி இல்லமும், மனநலக் காப்பகமும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றன.

இந்நூலின் முதன்மைச் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. கொடிவழி என்ற வடிவமே ஒரு தேர்வு. ஒருவருக்குப் பாட்டன் பாட்டியர் நால்வர். அதற்கு மேல் எண்மர். பத்தாம் தலைமுறையில் கணக்குப்படி 1,024 பேர். குடும்பப் பெயரைப் பற்றிச் செல்வோர் இவர்களுள் ஒரே ஓர் ஆணின் வழியைத் தேர்ந்து, மற்றவர்களைக் கதைக்குப் புறம்பாக்குகின்றனர். லைட் ஒருவரைப் பின்தொடரும்போதே அவருடைய தொழிலுக்கும் தெருவுக்கும் தொழுகைக் கூடத்துக்கும் விலகிச் செல்கிறார். கதையை ஒழுங்கின்றி விரியச் செய்வதாக இது முதலில் தோன்றும். குடும்பத்தின் எல்லைக்குள் ஏழையின் வாழ்வு முடிவதில்லை என்பதே அவ்விரிவின் நியாயம்.

ஊசித் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆல்செஸ்டர், ரெட்டிச் வட்டாரத்தில் ஊசிமுனை தீட்டியோர் சுழலும் கல்லில் உலர்நிலையில் தீட்டியமையால் எஃகுத் தூளையும் கல்தூளையும் மூச்சிழுத்து நுரையீரல் அழிந்து இளவயதில் இறந்தனர். இறப்புச் சான்றில் இத்தகைய சாவுகள் பெரும்பாலும் காசநோய் என்ற பெயரிலேயே இடம்பெறும். சான்று ஒரு நோயைச் சொல்லும். தொழிலின் வரலாறு மட்டுமே காரணத்தைச் சொல்லும். தனிக் குடும்பத்தின் கதையாக மட்டும் வாசித்தால் அது கெட்ட காலம். ஊரின் கதையாக வாசித்தால் அது கூலி உறவு. தனிமனிதத் துயரிலிருந்து சமூகக் காரணத்துக்கு வாசகரை நடத்திச் செல்லும் இவ்வாற்றல் இவ்வெழுத்து வகையின் உயர்ந்த பயன் எனலாம்.

இந்நூல் உடைக்கும் மற்றொரு கற்பனை, வேரூன்றிய கிராமத்து முன்னோர் என்பதாகும். தேடித் தேடிச் செல்லும்போது கிடைப்பது ஊர் அன்று, ஊர் பெயர்தலே. வேலை முடிந்தபின் கொத்தனார் அடுத்த ஊருக்குச் சென்றார். பணிப்பெண் எசமானர் மாறும்தோறும் வீடு மாறினாள். கடலோடிக்குத் துறைமுகமே முகவரி. தூய ஆங்கிலக் கிராமத்தில் தம் வேரைத் தேடும் தேசிய ஏக்கத்துக்கு இது ஆவணவழி மறுப்பு.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. தொழில் வரலாறு விரியுந்தோறும் தனிமாந்தர் பின்னகர்வதும், சில இடங்களில் மூதாதையர் ஒரு வகைமாதிரியாக மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. ஸ்டீட்மன் ஒரு தாயின் தனித்தன்மையைக் காக்க வரலாற்றின் பொதுமையோடு முரண்படுகிறார். லைட் பொதுமையைக் காட்டத் தனித்தன்மையைச் சில வேளை விட்டுக்கொடுக்கிறார். முன்னவருக்கு நினைவு உள்ளது. பின்னவருக்குப் பெரும்பகுதியும் ஏடு மட்டுமே உள்ளது. இவ்வேறுபாடு ஆசிரியரின் திறன் சார்ந்தது என்பதைக் காட்டிலும் சான்றின் இயல்பு சார்ந்தது என்பதே பொருந்தும்.

தரவுத்தளமும் ஊக வினையும்

2004இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்' என்ற தொடரும், கட்டணத் தரவுத்தளங்களும் குடும்ப வரலாற்றைப் பெரும்பொழுதுபோக்காக வளர்த்தன. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 சனவரியில் வெளியிடப்பட்டபோது அது இணையவழியே மக்களை அடைந்தது. உழைக்கும் மக்களின் வழிவந்தோர் ஆவணக்காப்பகத்துக்குச் செல்லாமலே தம் முன்னோரின் பெயரைக் காணும் நிலை உண்மையான மக்களாட்சிப் பேறு; இதனை எள்ளுதல் தகாது. எனினும் தேடுபொறி, பெயரைத் திறவுகோலாகக் கொள்கிறது. பழைய முறையில் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர் அண்டை வீட்டாரையும் தெருவையும் காணாமல் மூதாதையரை அடைய இயலாது. பெயரிட்டுத் தேடுபவருக்கு அண்டை வீடு தோன்றுவதில்லை. லைட் முயன்று மீட்ட ஊரைக் கருவி மீண்டும் மறைக்கிறது.

இதன் விளைவு எடுத்துரைப்பின் மொழியிலும் தெரிகிறது. வெகுசனக் குடும்ப வரலாற்றில் 'அழுதிருப்பாள்', 'அஞ்சியிருப்பார்', 'எண்ணியிருக்கக்கூடும்' போன்ற ஊக வினைகளின் ஆட்சி மிகுதி. ஊக வினை தன்னளவில் குற்றமுடையதன்று. அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே எல்லைக்கல்லாக அது நிற்கும்போது நேர்மையான வடிவமே. அடுத்த பத்தியில் அதே செய்தி இறந்தகால உறுதி வினையாக மாறிவிடும்போதுதான் ஆவணம் சொல்லாததை ஆவணத்தின் பெயரால் சொல்லும் நிலை தோன்றுகிறது. இருபதாம் நூற்றாண்டிலேயே இடைவெளிகள் பல உள்ளன. 1931ஆம் ஆண்டுக் கணக்கேடுகள் 1942இல் தீக்கிரையாயின. போர்க்காலமாகிய 1941இல் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. முதல் உலகப் போரில் பணிபுரிந்த சாதாரணப் படைவீரரின் பதிவுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்தது. இவ்விழப்புகளை இழப்புகளாகவே காட்டும் துணிவு எழுத்துக்கு வேண்டும்.

இழப்பை இழப்பாகவே காட்டும் சான்றுக்கு லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனை ஏடுகள் சிறந்த எடுத்துக்காட்டு. 1741இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய இக்காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. கொடிவழி அங்கே அறுந்தது. பின்னாளில் அடையாளம் காண்பதற்காக ஒரு துண்டுத் துணி சேர்க்கைத் தாளில் இணைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அத்துண்டுகள் இன்றும் உள்ளன. தாய் எவள் என்பதை அறிய வழியில்லை. அத்துணியை அறிந்துகொள்ளலாம், அதற்குமேல் அவள் உள்ளத்தைப் பற்றிக் கதை புனைவது அவளுக்குச் செய்யும் மரியாதையாகாது.

மதராஸ் ஏட்டின் பெயரின்மை

ஆங்கிலத் தொழிலாளர் கொடிவழி ஆங்கில மண்ணில் மட்டும் முடிவதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைப்பிரிவுகளில் சேர்ந்தோரில் கூலியாட்களும் வேலையிழந்த கைவினைஞரும் பலர். மதராஸ் மாகாணத்தில் நிகழ்ந்த அவர்தம் திருமுழுக்கு, மணம், அடக்கம் பற்றிய ஏடுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 தொடங்கும் அத்தொகுதி பிரிட்டிஷ் நூலகத்து இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளது. வில்ட்ஷயரிலோ லங்காஷயரிலோ காணாமற்போன ஒரு பெயர் புனித ஜார்ஜ் கோட்டை ஏட்டில் மீண்டும் தென்படலாம்.

இவ்விடத்தில் இதுகாறும் கண்ட வாசிப்பு முறை தன்னைத்தானே சோதித்துக்கொள்ள நேர்கிறது. துர்பா கோஷ் தம் 'செக்ஸ் அண்ட் தி ஃபேமிலி இன் காலனியல் இந்தியா' (2006) நூலில், ஐரோப்பியருடன் வாழ்ந்த இந்தியப் பெண்களின் பெயர்கள் திருமுழுக்கு ஏடுகளிலும் விருப்ப ஆவணங்களிலும் விடுபட்டதையும், கிறித்தவப் பெயரால் மட்டும் சுட்டப்பட்டதையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவருடைய சான்றுகள் பெரும்பாலும் வங்கம் சார்ந்தவை. ஆயினும் அதே கம்பெனியின் திருச்சபை ஒழுங்கில் எழுதப்பட்ட மதராஸ் ஏடுகளை வாசிப்போரும் இக்கேள்வியைத் தவிர்த்தல் இயலாது. சொந்த நாட்டில் சுருக்கெழுத்தாகக் குறைக்கப்பட்ட கூலியாளின் பெயர் இங்கே தந்தை என்ற கட்டத்தில் முழுமையாக நிற்கிறது; அவனுடைய குழந்தையைப் பெற்ற பெண்ணுக்கு நேரே பெயரில்லை. ஏட்டால் ஒடுக்கப்பட்டவன் இங்கு ஏட்டின் பயனைப் பெறுகிறான். ஏழை மூதாதையரை மீட்கும் எழுத்து, அவரை மாசற்றவராக மட்டும் மீட்குமாயின் அம்மீட்பு அரைகுறையே. லைட், ஸ்டீட்மன் ஆகியோரின் நூல்கள் வகுத்த நெறியை முழுமையாகப் பின்பற்றுவோர், இப்பெயரற்ற பெண்ணையும் தம் கொடிவழிக்குள் கொணர்ந்தாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஆங்கிலத் தொழிலாளர் பற்றிய ஆவணங்கள், கேட்டவரின் தேவையால் வடிவுபெற்ற விடைகள். ஆகவே அவற்றின் உண்மை, கேள்வியிலிருந்து பிரிக்க இயலாதது. படிவத்தின் வெறுங்கட்டமும், கோடிட்டு நீக்கிய பெயரும், குறைந்துபோன ஒரு வாரமும் எழுத்துக்கு இணையான அகச்சான்றுகள். ஸ்டீட்மன் ஏட்டின் அச்சம் வீட்டுக்குள் வாழ்ந்ததையும், லைட் கொடிவழி ஊராக விரிவதையும் காட்டி, இவ்வகை எழுத்தை ஏக்கத்திலிருந்து மீட்டு வரலாற்று அறிவாக்கியுள்ளனர். ஊக வினையால் இடைவெளிகளை நிரப்பும் வெகுசன வடிவம் மூதாதையருக்கு ஒரு குரலைக் கொடுப்பதாக எண்ணி, அவருடைய மௌனத்தையும் பறித்துவிடுகிறது.

முன்னோர் பெயரைக் கண்டடைதல் தேடலின் தொடக்கமே. அப்பெயரை எவர், எந்நாளில், எதன்பொருட்டு எழுதினார் என வினவும்போது, தனியொரு குடும்பத்தின் தேடல் ஒரு சமூகத்தின் தேடலாகிறது. தமிழ்த்துறைகள் பயிற்றும் பனுவல் வாசிப்பு இப்பணிக்கு உரிய கருவியே. மதராஸ் ஏடுகளை இந்நோக்கில் முறையாக வாசிக்கும் ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களில் எழுதல் வேண்டும். அவ்வேட்டில் பெயரின்றி நிற்கும் பெண் பேசிய மொழி, பல இடங்களில் தமிழாகவே இருத்தல் கூடும்.